அக்கா டீ குடிக்காத வீடு

முன்பெல்லாம் ஜூன் மாத மழை எனக்குப் பள்ளிக்கூடத்துச் சத்தம்தான். தகரக் கூரையில் அது விழ ஆரம்பித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கத்துவது கேட்காது. வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுப் படம் வரையச் சொல்லிவிடுவேன். இப்போது மழை கேட்டால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போனைத் தேடுகிறேன். மகள் இங்கே இல்லை. பாலக்காட்டுக்குத் தெற்கே, முதலமடையில், மாந்தோப்புகளுக்கு நடுவே வெயில் கொளுத்தும் சமவெளியில் இருக்கிறாள். அது தெரிந்தும் தேடுகிறேன். அவள் எடுத்து, “அம்மா, இங்க வெயில் அடிக்குதும்மா” என்று சொன்ன பிறகுதான் வைத்த பொருளை மறுபடி எடுக்கிறேன்.

இடுக்கி மலையில், வண்டிப்பெரியாரில் தமிழ் மீடியத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். கணவர் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து சொந்தமாக ஒரு கூரை போட வேண்டும் என்று ஆசைப்பட்டு வட்டிக்கு வாங்கினார். அவர் இருந்தவரை மாதம் பிறந்தால் எங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் வருகிறவர் வட்டிக்காரர்தான். மரியாதையான மனிதர், சத்தம் போட்டதே இல்லை. அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே என் கணவர் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். ஒரு நாள் மாரடைப்பு வந்து கணவர் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தோடு வட்டிக்காரரும் நின்றார். துக்கம் கேட்கத்தான் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. இந்த மாதத்துக்கு எடுத்து வைத்தோமா என்று மனசு யோசிக்க ஆரம்பித்தது. பாஸ்டர் ஜெபத்தை முடித்ததுகூட எனக்குத் தெரியாது.

அதனால் எங்கள் ஒரே மகள் கோயமுத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, “வேலைக்குப் போகலம்மா, பழம் காயவைக்கப் போறேன்” என்று சொன்னபோது எனக்குப் பழம் கண்ணில் படவில்லை. செருப்புக் கழற்றும் சத்தம்தான் காதில் கேட்டது.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பலாப்பழம் மரத்தடியிலேயே அழுகும். பாஷன் ஃப்ரூட்டும் அன்னாசியும் விளைந்த காலத்தில் விலை போகாது. சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கி, சுளையாகவும் துண்டாகவும் அறுத்து, மெஷினில் காயவைத்து விற்கலாம். நாலு பெண்களுக்கு வேலையும் கிடைக்கும்.

“காசு?” என்று கேட்டேன்.

“டவுன்ல முஸ்லிம் ஆளுங்க நடத்துற ஒரு கூட்டமைப்பு இருக்கும்மா. வட்டி கெடையாது. கடனே கெடையாது. பங்குக்கு வருவாங்க.”

“அப்படின்னா?”

“காசு அவங்களது, கை என்னோடது. லாபம் வந்தா பேசினபடி பிரிச்சுக்குவோம். நட்டம் வந்தா அவங்களுக்குக் காசு போச்சு, எனக்கு உழைப்பு போச்சு. அவ்வளவுதான்.”

“நட்டத்துக்கு உன்கிட்ட வந்து நிக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“வாங்கும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்க அப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க.”

“அப்பாகிட்ட யாரும் அப்படிச் சொல்லலம்மா. அப்பா யாருகிட்டயும் கேக்கவே இல்ல.”

அவள் சொன்னது சரிதான். பயம் மட்டும் இருந்தது. ஹலால் முதலீடு என்று சொல்லி, நகையையும் பணத்தையும் சேர்த்துக்கொண்டு கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றிச் செய்தியில் பார்த்திருக்கிறேன். பெயரில் கடவுள் இருந்தால் மட்டும் போதுமா என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சபையிலும் அப்படி ஒருவர் சீட்டு நடத்திவிட்டு ஓடியவர்தான்.

அந்தக் கூட்டமைப்பின் சார்பில் இடம் பார்க்க வந்தவர் ஒரு பெண். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டம்மா. பூர்வீகம் கம்பம் பக்கம். கணவர் இறந்த பிறகு கடையைத் தானே நடத்துகிறவர். பெண்கள் செய்யும் தொழில் என்றால் போய்ப் பார்த்து வரும் பொறுப்பு அவருடையது. என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் பார்த்த அன்றே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை டீச்சர் என்றுதான் சொன்னார், இன்றும் அப்படித்தான். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே முழங்காலைத் திட்டிக்கொண்டு இறங்குவார். “அல்லா நல்ல வாயைக் குடுத்தான், காலைக் குடுக்க மறந்துட்டான்.”

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஓடையோரமாக ஒரு பழைய கிடங்கை மகள் வாடகைக்குப் பேசியிருந்தாள். அக்கா மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலாச்சக்கைத் தோலும் கழிவும் எங்கே போகும் என்று கேட்டார். ஓடை என்று மகள் வாயெடுத்ததும், “அந்த ஓடை எங்க போகுது? பெரியாத்துக்குத்தான? அந்தத் தண்ணியத்தான நான் குடிக்கேன்?” என்றார். தோலை மாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதாக முடிவானது. பிறகு கழிப்பறையைப் பார்த்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை.

“நாலு பொம்பளைங்க வேலை பாக்குற எடத்துல தாழ்ப்பா இல்லாம என்ன லாபம் பாக்கப் போற நீ?”

“போட்டுருவேன் பெரியம்மா.”

“போட்டுட்டு எனக்கு போட்டோ அனுப்பு. அப்புறந்தான் மத்த பேச்சு.”

பல நாடுகளில் பெரிய பெரிய நிதிகள் இப்போது இப்படித்தான் பார்த்துப் பார்த்துப் போடுகின்றன என்றும், பொறுப்புள்ள முதலீடு என்று அதற்குப் பெயர் என்றும், கல்லூரியில் ஒரு பாடமே இருந்தது என்றும் மகள் பின்னால் சொன்னாள். சாராயம், சூது, லாட்டரி, வட்டிக்கடை ஆகியவற்றில் போடக் கூடாது என்பது அக்காவுடைய ஆட்களுக்கு மார்க்கம் சொன்னது. ஆறும் தாழ்ப்பாளும் அவர்களாகச் சேர்த்துக்கொண்டது. இல்லை, அதுவும் மார்க்கம்தான் என்று அக்கா சண்டைக்கு வருவார்.

அன்று அவரை வீட்டுக்குக் கூப்பிடத் தயங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் தையல் மெஷின் வாங்க அதே ஆட்களிடம் வட்டியில்லாக் கடன் வாங்கியிருந்தாள். அங்கே வந்த அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். “நம்ம கையால வாங்கிக் குடிக்க மாட்டாங்க போல டீச்சர்” என்று அவள் மனம் வெந்து சொல்லியிருந்தாள். எனக்கும் அது மனதில் கிடந்தது. அக்காவே எங்கள் முற்றத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, “பாலில்லாம ஒரு கட்டன் டீ போடுங்க டீச்சர், சீனி தூக்கலா” என்றார்.

நான் அப்படியே நின்றேன்.

“என்ன? பக்கத்து வீட்டுக்காரி சொல்லிட்டாளா?” என்று சிரித்தார். “அது கடன். கடன் குடுத்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன். ஒரு டீ குடிச்சாலும், குடுத்ததுக்கு மேல ஒரு டீ வந்துருச்சுல்ல? எங்க மாமனார் கடன் வாங்குனவங்க வீட்டு எறவாணத்துல மழைக்குக்கூட ஒதுங்க மாட்டாரு. அந்த நெழலும் வட்டிம்பாரு. இது அப்படி இல்ல. ஒங்க மகளும் நாங்களும் பங்காளி. பங்காளி வீட்ல டீ குடிக்காம வேற எங்க போயிக் குடிக்க?”

அப்படி ஆரம்பித்தது.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் நான் மகளுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். எங்கள் வீட்டுப் பட்டயத்தை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். இடுக்கியில் பட்டயம் என்றால் என்னவென்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்; அந்தக் காகிதத்துக்காக ஆயுசு முழுக்க வில்லேஜ் ஆபீசுக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். என் மகளை நம்பி ஊரார் பணம் போடுகிறார்கள், அவளுக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள் என்று காட்ட வேண்டாமா? வெறுங்கையோடு வாங்குவது எங்கள் வழக்கத்தில் மானக்கேடு. வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, கவரை மேஜையில் வைத்தேன்.

அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையை எடுத்தார்.

“இதை எதுக்குக் கொண்டாந்தீங்க?”

“ஒரு உறுதிக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க முதல் போயிரக் கூடாது.”

“டீச்சரே, மொதல் போகாதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா அப்புறம் அது பங்கு இல்ல. வட்டிக்கடைதான். போகலாம்னு தெரிஞ்சுதான் போடுறோம். நீங்க நல்லது செய்றேன்னு எங்களைப் பாவத்துல தள்ளப் பாக்கீங்க.”

“நட்டம் வந்தா?”

“வந்தா அழுவோம். ஒங்க மக ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.” கவரை மடித்து என் கையில் திணித்தார். “வீட்டுக்குப் போயி பீரோவுல வச்சுப் பூட்டுங்க. வந்ததுக்கு ஒரு நைட்டி எடுத்துட்டுப் போங்க, புதுசா வந்துருக்கு. அதுக்குக் காசு குடுக்கணும், சொல்லிட்டேன்.”

நைட்டி எடுத்தேன். விலை அதிகம்தான், அதில் அக்கா ஒரு பைசா குறைக்க மாட்டார்.

கிடங்கு ஓடத் தொடங்கியது. மாதத்தில் ஒரு நாள் மகள் அக்காவுக்கு வரவு செலவைச் சொல்வாள். அதை முடித்துவிட்டு அக்கா மேலே ஏறி என் வீட்டுக்கு வருவார். பிறகு, கணக்கு இல்லாத நாட்களிலும் வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில். போனில் பேசும்போது அவர்கள் முகத்தைவிட அங்கிருக்கும் ஏசிதான் தனக்கு அதிகம் தெரிகிறது என்பார். நான் எதையாவது நினைத்துப் பயப்பட ஆரம்பித்தால், “ஆரம்பிச்சுட்டாங்கய்யா டீச்சரு” என்று டம்ளரை நீட்டுவார், இன்னொரு டீக்கு. கணவர் போன பிறகு என் வீட்டில் உட்கார்ந்து, எதற்காக வந்தோம் என்பதையே மறந்துபோகிற அளவுக்குப் பேசியவர் அவர் ஒருவர்தான். சபைக்காரர்கள் வருவார்கள், ஜெபம் செய்வார்கள், எழுந்துவிடுவார்கள்.

சண்டையும் உண்டு. மேலே இருந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. அவர்களுடைய பாரில் குடிக்கிறவர்களுக்கு முன்னால் வைக்கக் காரம் போட்ட பலாச்சுளையும் அன்னாசியும் வேண்டும். மகள் துள்ளினாள். அக்கா வேண்டாம் என்றார்.

“பலாப்பழம் ஹராமா பெரியம்மா?”

“பழம் பாவம் என்ன பண்ணுச்சு. குடிக்கிறவனுக்குத் தொட்டுக்கன்னே ஒண்ணு தயார் பண்றது வேற.”

“நம்ம சரக்கை அவங்களே கடையில வாங்கி பார்ல வச்சா?”

“அது அவங்க பாடு.”

“அப்ப காசு நமக்கு வேணும், பேரு மட்டும் வேணாமா?”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ரிசார்ட்டின் சமையலறைக்குக் கொடுக்கலாம், பாருக்கென்று தனியாகச் செய்து கொடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது. ரிசார்ட்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த மாதம் மகள் அக்காவிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. கல் குவாரி ஒன்றில் போட்டால் இரட்டிப்பாகும் என்று வந்த வாய்ப்பையும் அந்த ஆட்கள் விட்டிருந்தார்கள். மலையைக் குடைந்து வரும் காசு வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்ல, மீதிப் பேரில் சிலர் கோபித்துக்கொண்டு தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியாது என்றுதான் எனக்கும் தோன்றியது.

அந்த வருடத்து மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மழை எச்சரிக்கை வந்திருந்தது. மகள் வேலையை நிறுத்திப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மூட்டைகளை மேடான இடத்துக்கு ஏற்ற ஜீப் கேட்டிருந்தாள். ஜீப் பாதையில் நின்றுவிட்டது என்று அதைத் தேடி ரோட்டுக்கு ஏறினாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். “ஓடைப் பக்கம் உருள் பொட்டிருச்சு” என்று யாரோ சொன்னார்கள். மலை வெடித்து மண்ணும் தண்ணீருமாக இறங்குவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது. மறுபடியும், மறுபடியும் அதே குரல், அதே இனிமை. ரோடு முழுக்கச் சேறு. நடந்தேனா, யாராவது கூட்டிப்போனார்களா, நினைவில்லை. கிடங்கு இருந்த இடத்தில் ஓடை ஓடியது. ஓடை இருந்த இடத்தில் பாறைகள் கிடந்தன. மகள் ரோட்டின் மறுபக்கத்தில், ஜீப்காரரின் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் ஆட்டுவதுபோல, சாதாரணமாக.

உயிர் போகவில்லை. மேலேயிருந்த ரிசார்ட்டும் அப்படியே நின்றது. நியாயம் தெரிந்த மழையாக இருந்தால் வேறு எங்காவது விழுந்திருக்கும் என்று அக்கா பின்னால் ஒருநாள் முணுமுணுத்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், என்னிடம் இல்லை.

அவளைக் கட்டிப்பிடித்த நிமிடத்திலேயே எனக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான். மெஷின் போயிற்று, சரக்கு போயிற்று. இனி இவள் தலையில் என்ன விழும்? இவள் அப்பா தட்டை விட்டு எழுந்ததுபோல் இவளும் எழுவாளா?

மழை விட்ட பிறகு கூட்டமைப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அக்காவும், மரக்கடை வைத்திருக்கும் பெரியவரும், கணக்குப் பார்க்கும் ஒரு வாத்தியாரும். நட்டம் தானாக வந்ததா, மகளுடைய கவனக்குறைவால் வந்ததா என்று பார்க்க வேண்டுமாம். தானாக வந்தது என்றால் அவர்களுடையது. கவனக்குறைவு என்றால் அவளுடையது. இந்த விஷயத்தை மகள் என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தாளோ என்னவோ, என் காதில் ஏறியிருக்கவில்லை. அன்றுதான் கேட்டேன். அக்கா வழக்கமான நாற்காலியை விட்டுப் படியில் உட்கார்ந்தார், டீ கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மரக்கடைக்காரர் கேட்டார்: “எச்சரிக்கை வந்தது தெரியுமா?”

“தெரியும்” என்றாள் மகள்.

“தெரிஞ்சும் மெஷினை ஏன் மாத்தலை?”

ஜீப் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. அவள், “முந்தின நாளே மாத்தியிருக்கலாம். இவ்வளவு வரும்னு நான் நெனைக்கல” என்றாள். நான் உள்ளே நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெண்ணை இப்படி உண்மை பேச வளர்த்தது யார் என்று கோபம் வந்தது.

வாத்தியார் ஏதோ சொல்லத் தொடங்கினார். அக்கா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

“இந்த எடத்தைப் பாத்துச் சரின்னு சொன்னது யாரு? நானு. தாழ்ப்பாளைப் பாத்தேன், சக்கைத் தோலைப் பாத்தேன். பின்னாடி இருந்த மலையை நிமிந்து பாத்தேனா? இல்ல. நீங்களும் பாக்கலை. அவ மேல கவனக்குறைவுன்னா நம்ம மேலயும் எழுதுங்க.”

மரக்கடைக்காரர் கீழே ஓடையில் கிடந்த பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நம்ம காசு போச்சு, புள்ளைக்கு ரெண்டு வருச பாடு போச்சு. ரெண்டும் நட்டந்தான். யா அல்லா” என்று சொல்லிவிட்டு நடந்தார். வாத்தியார் மகளிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். முடிந்தது.

முடிந்தது என்பதை என் உடம்பு நம்பவில்லை. அதன் பிறகும் மாதம் பிறந்தால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அந்தக் காசு தையல்காரர்களுடையது, கணவன் வெளிநாட்டிலிருக்கும் பெண்களுடையது, பென்ஷன் வாங்கும் ஒரு கண்டக்டருடையது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டொருவரை மார்க்கெட்டில் பார்ப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான்தான் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மகள் ஒரு மாதம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கூடப் படித்தவள் ஒருத்தி முதலமடையிலிருந்து கூப்பிட்டாள். அங்கே சீசனில் மாம்பழம் கொட்டிக் கிடக்கிறது, காயவைக்க ஆள் இல்லை, அவள் வீட்டிலேயே ஒரு ஷெட் சும்மா கிடக்கிறது. மெஷின் மட்டும் வேண்டும். போனில் அந்தத் தோழியின் அம்மா என்னிடம் பேசினார்: “ஏனுங்க டீச்சர், புள்ளைய நாங்க பாத்துக்கறமுங்க. இங்க மலை தூரத்துல இருக்குதுங்க. எங்கூட்டுல வெயிலுக்குத்தான் பயப்படோணும், மழைக்கு இல்லீங்க.” அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யார் என்பது அப்போது தோன்றவில்லை.

மெஷினுக்குப் பணம் வேண்டும். மகள் மறுபடி அக்காவிடம் போனாள். திரும்பிவந்த அன்று அக்காவும் கூட வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு டீ கேட்டார். குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார். அது வழக்கமில்லை.

“டீச்சர், இந்த வருசம் பங்குக்குப் போடக் கையில இல்ல. மழை பல பேரோடதைக் கொண்டு போயிருச்சு. கடன் குடுக்குறதுக்குன்னு தனியா தர்மக் காசு இருக்கு. வட்டி கெடையாது. குடுத்ததை மட்டும் கொஞ்சங் கொஞ்சமா திருப்பணும். ஆனா அது கடன்.”

“சரிக்கா.”

“கடன்னா ஜாமீன் ஒருத்தர் வேணும். அவ வேற ஜில்லாவுக்குப் போறா. இங்க இருக்குற ஆளா வேணும்.”

“நான் போடுறேன். பட்டயம் வேணுமா?”

“பட்டயத்தைக் கொண்டாராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. கையெழுத்து போதும்.” டம்ளரைத் தரையில் வைத்தார். “ஆனா கையெழுத்துப் போட்டா, இந்த வீடு கடன் குடுத்த வீடு.”

எனக்கு உடனே புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

“அடைஞ்சு முடியிற வரைக்கும் நான் இங்க கை நனைக்க முடியாது டீச்சர். அதான் சொல்ல வந்தேன்.”

“கடனுக்கு முன்னாடியே ஒருத்தர் வீட்ல ஒருத்தர் சாப்பிட்டுப் பழக்கம் இருந்தவங்கன்னா பரவாயில்லைன்னு உஸ்தாது சொன்னாருல்ல பெரியம்மா?” என்றாள் மகள். வழியில் இதைப் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

“சொன்னாரு. ஆகும்தான்.” அக்கா முழங்காலைத் தேய்த்தார். “ஆனா எனக்கு இந்த டீ ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதான் பயமா இருக்கு. நீ ஒரு மாசம் தவறிட்டா நான் வந்து கேக்கணும். டீயைக் குடிச்சுட்டு எந்த வாயால கேக்க? கேக்காம விட்டா, அடுத்து ஒரு பிள்ளைக்குக் குடுக்கக் காசு இருக்காது.”

யாராவது எனக்காக முடிவெடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு ஜாமீனுக்கு யாரைக் கேட்பது? சபையில் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எனக்கு ஒருவருடன் டீ குடிக்க வேண்டும், அதனால் நான் போட முடியாது என்று ஒரு தாய் எங்கே போய்ச் சொல்வது? மகள் சமவெளியில் இருப்பாள், வட்டி இருக்காது, தட்டை விட்டு யாரும் எழ வேண்டியதில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைக்கத்தான் போகிறது. மறுநாள் பள்ளி விட்டதும் கூட்டமைப்பு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அக்கா அந்த அறையில் இல்லை. கடையில் கூட்டம் என்றார்கள்.

மகள் போன பிறகு வீட்டில் டிவியைச் சும்மா ஓடவிட்டேன். அக்கா வருவதை நிறுத்தவில்லை. வருவது குறைந்தது. ஆட்டோவை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே, “பிள்ளை எப்படி இருக்கா?” என்பார். நான் கேட்டில் நின்று பேசுவேன். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சாரல் அடித்தது. அவர் இறங்கி நின்றிருந்தார். என் வீட்டு இறவாணம் கைநீட்டும் தூரத்தில் இருந்தது. அவர் குடையை விரித்தார். மாமனாருடைய பிடிவாதம். நான் உள்ளே போக மனமில்லாமல் கேட்டிலேயே நனைந்தேன். “போங்க டீச்சரே, காய்ச்சல் வந்தா ஜாமீன் யாரு?” என்று விரட்டினார்.

இந்த மழைக்காலத்தில் மறுபடி ரெட் அலர்ட் சொன்னார்கள். எங்கள் சரிவில் இருப்பவர்கள் நிவாரண கேம்புக்குப் போக வேண்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பையில் பட்டயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆட்டோ வந்தது.

“ஏறுங்க. கேம்புல போயி கொசுக்கடியில கெடக்கணுமா? எங்க வீட்டுக்கு வாங்க.”

“வரலாமாக்கா?”

“நான் ஒங்களுக்குச் செய்யலாம். அதுக்கு வெலக்கு இல்ல. நீங்க எனக்குச் செய்யத்தான் கூடாது.”

கடைக்கு மேலேதான் அவர் வீடு. பெரிய வீடு, ஆள் இல்லாத வீடு. சாமான்கள் எல்லாம் துணி போட்டு மூடியிருந்தன. மகளுக்குப் போன் போட்டு அக்கா வீட்டில் இருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள், நிம்மதியாக. அங்கே வெயில் அடித்தது. இங்கே மழை ஜன்னல் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. அது அறையும்போதெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்தேன். அக்கா கட்டிலில் காலை நீட்டி, வலியில் முகத்தைச் சுளித்தபடி படுத்திருந்தார். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் தேவலை என்று தோன்றியது.

“நீங்க படுங்கக்கா. நான் டீ போடுறேன்.”

“வேணாம்.”

“உங்க வீடு, உங்க அடுப்பு. தூளும் சீனியும் உங்களது. என் கை மட்டும்தான என்னோடது?”

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“கை மட்டும்னு லேசாச் சொல்லிட்டீங்க. ஒங்க மக கையைத்தான நாங்க பாதின்னு வச்சுப் பங்கு போட்டோம்? உருளு வந்து போனதுல அவ கை போனதையும் நட்டம்னுதான எழுதுனோம்? இப்ப டீக்கு மட்டும் கை கணக்குல வராதா?”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் எழப்போனேன், உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அடுக்களைவரை அந்த முழங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டிக்கொண்டே நடந்தார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பிறகு டம்ளரில் கரண்டி சுழலும் சத்தம், வெகுநேரம், சீனி தூக்கலாகப் போட்டால் கேட்கிற சத்தம். நான் மடியில் பட்டயப் பையை வைத்துக்கொண்டு, கையை என்ன செய்வதென்று தெரியாமல், மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.